வெட்டிய புழு இரண்டாகுமா?

கேள்வியை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், பிறகு வருபவர்களுக்கும் உதவும். மழை விட்ட மறுநாள் காலை, மொட்டைமாடித் தொட்டிகளுக்கு நடுவே ஒரு சாண் நீளத்தில் ஒரு புழுவைப் பார்த்திருக்கிறீர்கள். மங்கலான பழுப்பு நிறம், முதுகில் நெடுக ஓடும் கறுப்புக் கோடுகள், தலை மட்டும் பனையோலை விசிறி மாதிரி விரிந்திருந்தது. பாம்புக்குட்டியோ என்று பயந்து, செடி நறுக்கும் கத்தரியால் இரண்டாக வெட்டிவிட்டீர்கள். ஒரு துண்டைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத் திரும்பினால் இன்னொன்றைக் காணோம். “மண்புழு மாதிரிதான், வெட்டினா ரெண்டாகும்” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அது உண்மையா, உப்பு போடலாமா, அதே தொட்டிகளில் மேயும் பெரிய நத்தைகளை மிதித்து நசுக்கினால் அவையும் பெருகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றைத்தான்: ஓர் உடலை வெட்டினால், முழு உடலையும் திரும்பக் கட்டும் சரக்கு எந்தத் துண்டில் மிஞ்சுகிறது? நீங்கள் வெட்டியதில் இரண்டு துண்டிலுமே மிஞ்சியிருக்கும். மண்புழுவில் பெரும்பாலும் முன்துண்டில் மட்டும். நத்தையை நசுக்கினால் எதிலும் கிடையாது. ஆக, பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் புழுவைப் பற்றிச் சொன்னது சரி, அதற்குக் காட்டிய உதாரணம்தான் தப்பு. கல்லூரியில் இருபத்தேழு வருடம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன் நான். கையால் அதிகம் புழங்கியது மண்புழுவோடு; தட்டைப்புழுவை ஆய்வகத்தில் சில வருடங்கள் வளர்த்திருக்கிறேன்; நத்தையைப் பற்றித் தெரிந்ததில் பாதி படிப்பு, பாதி என் வீட்டு முருங்கை மரம். அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்தது நிலத்தில் வாழும் தட்டைப்புழு. சுத்தியல் தலைப் புழு என்று இப்போது யூடியூப்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். விசிறித் தலையும் முதுகுக் கோடுகளும் இருந்தால் பைபாலியம் வகையறா என்பதில் சந்தேகம் வேண்டாம். அதில் எந்த இனம் என்று வாய்வார்த்தையை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். கோடுகளின் எண்ணிக்கை, கழுத்தில் வளையம் போன்ற கறுப்புப் பட்டை இருக்கிறதா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். தோட்டங்களில் அதிகம் தென்படுவது பைபாலியம் கெவென்சே. பெயரில் இருக்கும் ‘கெவ்’ லண்டனின் கியூ தாவரவியல் பூங்கா. அங்கே கண்ணாடி வீட்டில் பிடிபட்ட புழுவை வைத்து 1878-இல் மோஸ்லி என்பவர் பெயர் சூட்டினார். ஆனால் அதன் பூர்வீகம் தென்கிழக்கு ஆசியா. தொட்டி மண்ணிலும் செடி வேரிலும் ஒட்டிக்கொண்டு உலகம் சுற்றிவிட்டது. உங்கள் மாடிக்கும் ஏதோ ஒரு நர்சரித் தொட்டியில்தான் வந்திருக்கும்.

இதன் உடம்பைப் புரிந்துகொண்டால் வெட்டு ஏன் பலிக்கவில்லை என்பதும் புரியும். தட்டைப்புழுவுக்கு ரத்தம் இல்லை, இதயம் இல்லை, மூச்சுக்குழாய் இல்லை. ஆக்சிஜன் தோல் வழியே ஊறி உள்ளே போக வேண்டும். அதனால்தான் உடம்பு பட்டையாக இருக்கிறது. தடித்தால் நடுவில் இருக்கும் செல்களுக்கு மூச்சு முட்டிவிடும். நமக்கிருப்பது போல் உறுப்புகளைச் சுற்றி உடற்குழியும் கிடையாது, தோலுக்கும் குடலுக்கும் நடுவே எல்லாம் திசு அடைசல்தான். குடலுக்கு ஒரே வாசல். தின்பதும் அதன் வழி, கழிப்பதும் அதன் வழி. அந்த வாய் தலையில் இல்லை என்பதுதான் மாணவர்களை எப்போதும் திடுக்கிட வைக்கும். வயிற்றுப்பக்கம், ஏறக்குறைய உடம்பின் நடுவில் இருக்கிறது.

ஒரு ஐப்பசி இரவில் டார்ச் அடித்துப் பார்த்ததைச் சொல்கிறேன். கறிவேப்பிலைத் தொட்டியின் விளிம்பில் ஒரு மண்புழு முறுக்கி முறுக்கித் துள்ளிக்கொண்டிருந்தது. கிட்டப் போனால், அதன் மேல் ஈர ரிப்பன் மாதிரி ஒரு பைபாலியம் சுற்றிக் கிடந்தது. துள்ளல் மெல்ல அடங்கிற்று. புழுவின் அடிவயிற்றிலிருந்து வெள்ளையாக, கசங்கிய மெல்லிய துணி போல ஒன்று வெளியே வந்து மண்புழுவின் மேல் படர்ந்தது. அதுதான் அதன் தொண்டை. இரையை வாய்க்குள் இழுப்பதில்லை. தொண்டையை வெளியே நீட்டி இரையின் மேல் போர்த்தி, அங்கேயே கரைத்து உறிஞ்சுகிறது. அரைமணி நேரத்துக்கு மேல் நின்று பார்த்தேன், கொசு என்னைத் தின்றது. மறுநாள் காலையில் அந்த இடத்தில் கொஞ்சம் பிசுபிசுப்பு மட்டும் மிச்சம்.

இனி வெட்டு. தட்டைப்புழுக்களில் பிளனேரியா என்ற குடும்பத்தாரின் உடம்பு முழுக்க நியோபிளாஸ்ட் எனப்படும் குருத்தணுக்கள் இறைந்து கிடக்கின்றன. மொத்த செல்களில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு அவையே. தோல், நரம்பு, தசை, குடல், கண் என்று எதுவாகவும் மாறக்கூடியவை. நன்னீர்ப் பிளனேரியாவை மாய்ந்து மாய்ந்து வெட்டிப் பார்த்தவர் தாமஸ் ஹன்ட் மார்கன். 1898-இல் அவர் போட்ட கணக்கில், உடம்பில் 279-இல் ஒரு பங்கு துண்டுகூட முழுப் புழுவாக வளர்ந்தது. பிற்பாடு பழ ஈக்களின் குரோமோசோம் வேலைக்காக 1933-இல் நோபல் பரிசு வாங்கிய அதே மார்கன்தான். 2011-இல் அமெரிக்காவில் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். கதிர்வீச்சால் குருத்தணுக்கள் அத்தனையும் செத்துப்போன ஒரு புழுவுக்குள், இன்னொரு புழுவிலிருந்து எடுத்த ஒரே ஒரு நியோபிளாஸ்டைச் செலுத்தினார்கள். சாகவேண்டிய புழு பிழைத்தது. அந்த ஒற்றை செல்லின் வாரிசுகள் உடம்பு முழுவதையும் புதுப்பித்துவிட்டன.

எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் வால் என்று துண்டுக்கு எப்படித் தெரிகிறது? இதற்கு 2008-இல் ஓரளவு விடை கிடைத்தது. பீட்டா-கேட்டனின் என்ற புரதம் வேலை செய்யும் முனை வாலாகிறது. அதை அடக்கிவிட்டால் வால் வளர வேண்டிய இடத்திலும் தலை முளைக்கிறது. முன்னும் பின்னும் தலை வைத்த புழுவின் படங்களை நீங்களும் பார்த்திருக்கலாம். அவை ஒட்டுவேலை இல்லை.

நாங்கள் இதை ரொம்ப எளிமையாகச் செய்தோம். ஏற்காட்டு ஓடையில் ஆட்டு ஈரல் துண்டு ஒன்றை நூலில் கட்டிக் கல்லிடுக்கில் விட்டால், ஒரு மணி நேரத்தில் பத்துப் பதினைந்து பிளனேரியா வந்து மொய்த்துக்கொள்ளும். ஒரு வாரம் பட்டினி போட்டு, ஐஸ் கட்டி மேல் ஈரமான தாளை விரித்து அதில் வைத்து பிளேடால் வெட்டுவோம். ஐந்தாறு நாளில் வெட்டிய முனையில் வெளிறிய மொட்டு ஒன்று எழும். அதில் மிளகாய் விதையை விடச் சின்னதாக இரண்டு கரும்புள்ளிகள் தெரியும், கண்கள். வகுப்பில் அந்த நாளன்று மட்டும் யாரும் மட்டம் போட்டதில்லை. ஒரு வருடம் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டேன். குளோரினில் எல்லாம் ஒரே இரவில் கரைந்துபோயிற்று. எத்தனை துண்டாக வெட்டினாலும் சாகாதது ஒரு கோப்பைத் தண்ணீரில் செத்துவிடும் என்பதை அப்படித்தான் கற்றேன்.

உங்கள் பைபாலியமும் இதே குடும்ப வழிதான். இன்னும் சொல்லப்போனால், பைபாலியம் கெவென்சே உங்கள் கத்தரிக்குக் காத்திருப்பதே இல்லை. வெளிநாட்டுத் தோட்டங்களில் அது பெருகுவதே பெரும்பாலும் தன்னைத் தானே துண்டித்துத்தான். வால்நுனியை எதிலாவது ஒட்டவைத்துவிட்டு முன்பாதி நகர்ந்து போகும், நுனி அறுந்து தங்கும். அந்தத் துண்டு அப்போதே ஊர ஆரம்பித்துவிடும், பத்து நாளுக்குள் அதற்கு விசிறித்தலை வந்துவிடும். நீங்கள் செய்தது அது மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை தானாகச் செய்துகொள்ளும் வேலையைத்தான்.

இதை வைத்து எல்லாத் தட்டைப்புழுவும் இப்படி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பிளனேரியாவிலேயே சில இனங்களுக்குப் பின்துண்டிலிருந்து தலை வராது. ஒட்டுண்ணித் தட்டைப்புழுக்களின் கதை வேறு. மனிதக் குடலில் மீட்டர்கணக்கில் வளரும் நாடாப்புழுவின் துண்டுகள் மலத்தோடு வெளியேறுமே, அவை புதுப் புழுவாவதில்லை. அவை முட்டைப் பைகள். ஆனால் தலையும் கழுத்தும் குடல் சுவரில் பிடித்துக்கொண்டு தங்கிவிட்டால் மறுபடி முழு நீளத்துக்கும் வளர்ந்துவிடும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஈரலில் வரும் தட்டைப்புழு வெட்டாமலே பெருகும் இன்னொரு வித்தைக்காரன். அதன் குஞ்சு குளத்து நத்தை ஒன்றுக்குள் புகுந்து, உள்ளே பிரதி மேல் பிரதி எடுத்து, ஒன்றாய்ப் போனது நூற்றுக்கணக்கில் வெளியே வரும். குளத்தோரப் புல்லில் ஒட்டிக்கொண்டு ஆட்டின் வயிற்றுக்குப் போகும். ஈரமான தாழ்வான நிலத்தில் ஆட்டை மேயவிடாதே என்று கால்நடை மருத்துவர் சொல்வது அதனால்தான்.

தட்டைப்புழுவைப் பற்றி எழுதினால் யாராவது கட்டாயம் கேட்பார்கள், எனவே முந்திக்கொள்கிறேன்: பழக்கிய பிளனேரியாவை வெட்டினால் வாலிலிருந்து வளர்ந்த புழுவுக்கும் பழக்கம் நினைவிருக்குமாமே? 1950-களின் கடைசியில் ஜேம்ஸ் மெக்கானல் என்ற அமெரிக்க உளவியலாளர் அப்படி அறிவித்தார். பழக்கிய புழுவை அரைத்து மற்றப் புழுக்களுக்குத் தின்னக் கொடுத்தால் நினைவும் போய்ச்சேரும் என்கிற வரைக்கும் போனார். மற்றவர்கள் செய்து பார்த்தபோது ஒத்துவரவில்லை, பேச்சு அடங்கிற்று. 2013-இல் கணினி வைத்து ஆள் கைபடாமல் செய்த சோதனையில், தலை புதிதாக வளர்ந்த புழுக்களிடம் பழைய பழக்கத்தின் சாயல் கொஞ்சம் தெரிந்தது என்று ஒரு கட்டுரை வந்தது. தின்றால் நினைவு வரும் என்பதை நான் நம்பவில்லை. வாலில் ஏதோ தடம் தங்குகிறது என்பதை, இன்னும் நாலு ஆய்வகம் செய்து காட்டட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறேன். உடம்பு திரும்ப வளர்வது பற்றிய சேதிகளோடு இதை ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

சரி, மண்புழு. இது வளைத்தசைப் புழு. உடம்பு மோதிரங்களை அடுக்கினாற்போல் கண்டம் கண்டமாக இருக்கும். நம் ஊர் வயலில் சாதாரணமாகக் கிடைக்கும் லாம்பிட்டோ மாரிட்டிக்கு 165 முதல் 190 கண்டங்கள் வரை இருக்கும். தட்டைப்புழுவில் இல்லாத எல்லாம் இங்கே இருக்கிறது: உடற்குழி, சிவந்த ரத்தம், அதைத் தள்ளுகிற இதயங்கள், வாயில் தொடங்கி மறுமுனையில் முடியும் குடல். வசதி கூடினால் செலவும் கூடும் அல்லவா? மூளை, வாய், அரைவைப்பை, இதயங்கள், இனப்பெருக்க உறுப்புகள் எல்லாம் முன்பக்கத்தில் ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றன. பின்பக்கம் முக்கால் பங்கும் ஒரே மாதிரிக் கண்டங்கள், குடல் ஓடும் நீண்ட நடைபாதை.

மண்வெட்டி பின்பகுதியில் பட்டால், முன்துண்டு காயத்தை இறுக்கி மூடிக்கொண்டு, சில வாரங்களில் புது வால் வளர்த்துக்கொள்ளும். புது வால் வெளிறி, மெலிந்து, ஒட்டுப் போட்டது போலத் தெரியும். உரக்குழியைக் கிளறினால் அப்படிப்பட்ட மண்புழுக்களை நீங்களே பார்க்கலாம். பின்துண்டு? அது துள்ளுகிறது, நெளிகிறது, சமயத்தில் மணிக்கணக்கில். ஒவ்வொரு கண்டத்திலும் ஒரு நரம்பு முடிச்சு இருப்பதால் மூளை இல்லாமலே அசையத் தெரியும். அந்தத் துள்ளலைப் பார்த்துத்தான் ‘ரெண்டாகிவிட்டது’ என்ற நம்பிக்கை வந்திருக்க வேண்டும். அசைவதெல்லாம் பிழைப்பதில்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பின்துண்டு சில சமயம் உண்மையிலேயே வளர ஆரம்பிக்கும், ஆனால் தப்பான உறுப்பை. தலை வரவேண்டிய வெட்டுமுனையில் இன்னொரு வால் முளைக்கும்! இரண்டு பக்கமும் வால், வாய் எங்கேயும் இல்லை; பட்டினி கிடந்து சாகும். இதை முதலில் கண்டவர் 18-ஆம் நூற்றாண்டு இத்தாலியர் ஸ்பல்லன்சானி. 1899-இல் அதைச் செய்து பார்த்து உண்மைதான் என்று எழுதியவர் நம் மார்கனே. தலைப்பக்கத்தில் ஓரிரு கண்டம் மட்டும் போயிருந்தால் பல இனங்கள் சரிசெய்துகொள்ளும். மார்கன் வெட்டிப் பார்த்த இனத்தில், முன்னால் எத்தனை கண்டம் போனாலும் திரும்ப வந்தது ஐந்துக்கு மேல் இல்லை. இதயமும் இனப்பெருக்க உறுப்பும் இருந்த கண்டங்கள் போனால் போனதுதான்.

எல்லா மண்புழுவுக்கும் இதே கணக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மண்புழு உரத் தொட்டியில் வளர்க்கும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் இந்த விஷயத்தில் கெட்டிக்காரப் புழு, தலைப்பக்கம் வாலுப்பக்கம் இரண்டையும் நன்றாகவே மீட்டுக்கொள்கிறது. அதே தொட்டிகளில் இருக்கும் ஆப்பிரிக்க மண்புழு யூட்ரிலஸ் யூஜினியேயின் இழப்பு மீட்டல் பற்றி நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்திருக்கிறார்கள். அந்தப் புழுவில் கழுத்துப்பட்டை போலத் தெரியும் கிளைடெல்லம் பகுதி எந்தத் துண்டில் இருக்கிறது என்பது பிழைப்பைத் தீர்மானிக்கிறது. குளத்துச் சேற்றில் வாழும் மெல்லிய லம்பிரிகுலஸ் என்ற மண்புழு உறவுக்காரனோ பிளனேரியாவுக்குச் சவால் விடும். துண்டு துண்டாகி ஒவ்வொன்றும் முழுப் புழுவாகும். மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அது தெரிந்திருக்கும். எதிர்க்கோடியில் அட்டை. அதுவும் வளைத்தசைப் புழுதான். வால்பாறைப் பக்கம் நடந்தவர்கள் காலில் ஏறியிருக்கும். அதன் கண்டங்கள் 33 என்று நாங்கள் படித்தோம், பிறந்தபோது எத்தனையோ சாகும்வரை அத்தனைதான். வெட்டுப்பட்ட கண்டத்தை அது மீட்பதில்லை. ஒரே குடும்பத்துக்குள் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று கேட்டால், ஒரே காரணத்தைச் சொல்லி முடிக்கும் ஆளை நம்ப வேண்டாம்.

அதனால் மண்வெட்டி பட்ட மண்புழுவைப் பார்த்தால், தடித்த கழுத்துப்பட்டை உள்ள துண்டை ஈரமண்ணில், நிழலில் விட்டுவிடுங்கள். கழுத்துப்பட்டைக்கு எட்டிப் பின்னால் வெட்டு விழுந்திருந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு. மற்றது அங்கேயே மட்கி உரமாகும். ‘இரண்டாகும்’ என்ற நினைப்பில் கொத்திவிடுவதால் மண்புழு கூடாது, குறையும்.

நத்தைக்கு வருவதற்கு முன் ஓர் உறவுமுறை. நாங்கள் படித்த காலத்துப் பாடப்புத்தகத்தில் மண்புழுவுக்கு அடுத்த அத்தியாயம் கரப்பான்பூச்சி. இரண்டுக்கும் கண்டங்கள் இருப்பதால் நெருங்கிய சொந்தம் என்று சொல்லிக்கொடுத்தோம், நானும் பல வருடம் சொன்னேன். 1990-களில் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது கதை மாறிவிட்டது. மண்புழுவும் நத்தையும் தட்டைப்புழுவும் ஒரே பெரிய கிளை. கரப்பான்பூச்சி வேறு கிளை. கடலில் வாழும் வளைத்தசைப் புழுக்களின் லார்வாவும் சிப்பிகளின் லார்வாவும் பம்பரம் போல ஒரே அச்சில் இருப்பதைப் பழைய ஆட்களே கவனித்திருக்கிறார்கள். உங்கள் ஒரு தொட்டியில் நடப்பது தூரத்துப் பங்காளிச் சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நத்தையும் சிப்பியும் மெல்லுடலிகள். மெல்லுடலியின் உடம்பில் கண்டம் கிடையாது. ஒரு தசைப்பாதம், மேலே உறுப்புகளின் மூட்டை, அதைப் போர்த்திய மேன்டில் என்ற தோல்மடிப்பு, அது சுரக்கும் ஓடு. ஒன்றுக்கு ஒன்று பதிலாகாத உறுப்புகள். நத்தையின் கூடு வாடகை வீடு என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. உடம்பு அதோடு தசையால் கட்டப்பட்டிருக்கிறது, கழற்றினால் சாவு. ஓட்டில் சின்ன விரிசல் என்றால் உள்ளிருந்து சுண்ணாம்புப் பூச்சு போட்டு அடைத்துக்கொள்ளும். கண் வைத்த உணர்கொம்பு அறுந்தால் கண்ணோடு சேர்த்துத் திரும்ப வளரும். அதற்கு மேலும் போனவர் அதே ஸ்பல்லன்சானி. நத்தைகளின் தலையை வெட்டினேன், திரும்ப வளர்ந்தது என்று 1768-இல் எழுதினார். ஐரோப்பாவே நத்தைத் தலையை வெட்டக் கிளம்பியது, பிரெஞ்சு எழுத்தாளர் வோல்த்தேர் உட்பட. சிலருக்கு வளர்ந்தது, பலருக்குச் செத்தது. உணவுக்குழாயைச் சுற்றி இருக்கும் நரம்பு வளையம் கத்திக்குத் தப்பியிருந்தால்தான் வளர்ந்தது என்பது பிற்பாடு தெளிந்தது. தலை வெட்டுப்பட்டது என்று நினைத்தவர்கள் பலர் முகத்தைத்தான் வெட்டியிருந்தார்கள்.

அதே மெல்லுடலிகளில் ஆக்டோபஸ் கை அறுந்தால் நரம்போடு புதுக்கை வளர்க்கும். அறுந்த கை கொஞ்ச நேரம் தனியாகப் பற்றும், தடவும், ஆனால் ஆக்டோபஸ் ஆகாது. 2021-இல் ஜப்பானின் நாரா மகளிர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த சேதிதான் என்னை உலுக்கியது. எலிசியா என்ற ஓடில்லாக் கடல் நத்தை தன் தலையைத் தானே துண்டித்துக்கொள்கிறது. தலை மட்டும் ஊர்ந்து போய்ப் பாசி தின்று, மூன்று வாரத்துக்குள் இதயம் உட்பட முழு உடம்பையும் புதிதாக வளர்த்துக்கொள்கிறது. கழற்றி விடப்பட்ட பழைய உடம்பு மாதக்கணக்கில் உயிரோடு கிடந்தும் ஒரு தலையை வளர்க்கவில்லை. முதிர்ந்த நத்தைகளின் தலைகளுக்கு இது முடியவில்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு ‘நத்தையும் வெட்டினால் வளரும்’ என்று யாரும் பகிர வேண்டாம், தோட்டத்து நத்தை இதற்கு ரொம்பத் தூரம்.

வெட்டிய துண்டு வாழ்ந்தும் முழு உயிராகாது என்பதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1973-இல் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் உருண்டை முத்தை வளர்த்தெடுத்தார்கள். ஒரு முத்துச்சிப்பியின் மேன்டிலிலிருந்து சின்னத் துண்டை நறுக்கி, ஓட்டால் செய்த மணி ஒன்றோடு சேர்த்து இன்னொரு சிப்பிக்குள் வைக்கும் முறை அது. துண்டு சாவதில்லை, பெருகி மணியைச் சுற்றிப் பையாகி, அதன் மேல் முத்துப்பூச்சைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அதற்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். இன்னொரு சிப்பியாக வளரத் தெரியாது. பிளனேரியாவின் துண்டுக்கும் இதற்கும் உள்ள தூரம் அவ்வளவு.

உங்கள் மாடியில் மேய்வது அநேகமாக ஆப்பிரிக்கப் பெருநத்தை. 1847-இல் பென்சன் என்ற நத்தை ஆர்வலர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் ஒரு நண்பரின் தோட்டத்தில் விட்டதாகப் பதிவு இருக்கிறது. நசுக்கினால் சதைத் துண்டு எதுவும் பெருகாது. ஆனால் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருக்கும் உயிர். தடவைக்கு நூறு, இருநூறு முட்டை இடும். ஒருமுறை சேர்ந்து வாங்கிய விந்தைச் சேமித்து வைத்துப் பலமுறை முட்டையிடவும் முடியும். எனவே தேட வேண்டியது மண்ணுக்குள் ஜவ்வரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, இளமஞ்சளாகக் கொத்தாக இருக்கும் முட்டைகளை. தட்டைப்புழு நத்தையைத் தின்னுமே, இருக்கட்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பிளாட்டிடீமஸ் என்ற நியூகினித் தட்டைப்புழுவை இதே நத்தைக்கு எமனாக 1980-களில் பிலிப்பைன்ஸிலும் மாலத்தீவிலும் விட்டார்கள். பெருநத்தை குறைந்த இடமும் உண்டு, ஆனால் அந்தப் புழு பரவிய பசிபிக் தீவுகளில் உள்ளூர் நத்தைகளையும் சேர்த்துத் தின்று தீர்த்தது. உங்கள் பைபாலியத்துக்கோ மண்புழுதான் பிடித்த சாப்பாடு. வேண்டாம்.

பயப்பட வேண்டியது எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பைபாலியத்தில் டெட்ரோடோடாக்சின் என்ற பேத்தை மீன் நஞ்சு சிறிதளவு இருப்பதை 2014-இல் கண்டறிந்தார்கள். தொட்டால் செத்துப்போவோம் என்று சுற்றும் வாட்ஸ்அப் சேதி கட்டுக்கதை. அதன் பிசின் பட்டால் சிலருக்குத் தோல் எரியலாம், நாய் கவ்வினால் வாந்தி எடுக்கலாம், அவ்வளவுதான். நான் அதிகம் அஞ்சுவது எலியின் நுரையீரல் புழுவுக்கு. அதன் லார்வா நத்தையிலும், நத்தை தின்ற தட்டைப்புழுவிலும் தங்கும். கழுவாத கீரை வழியாகவோ, நத்தையைத் தொட்ட கையை வாயில் வைப்பதாலோ உள்ளே போனால் மூளை உறையில் அழற்சி வரலாம். அரிதுதான், வந்தால் கடுமை. எனவே கையுறை அல்லது பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுங்கள், சோப்பு போட்டுக் கழுவுங்கள், மாடிக் கீரையை நன்றாக அலசுங்கள்.

உப்பு வேலை செய்யும், ஆனால் தொட்டி மண்ணில் தூவாதீர்கள். புழுவோடு செடியும் போகும், மண்புழுவும் போகும். ஒரு பழைய டப்பாவில் கைப்பிடி கல்லுப்பு போட்டுக் கரைத்து, புழுவையோ நத்தையையோ குச்சியால் எடுத்து அதில் போட்டு மூடிவிடுங்கள். கொதிநீரும் ஆகும். குப்பைக்கூடைக்குப் போன துண்டு காய்ந்த இடத்தில் கிடந்தால் இந்நேரம் வற்றியிருக்கும், ஈரக் குப்பையில் கிடந்தால் எடுத்து உப்புநீரில் போடுங்கள்.

காணாமல் போன துண்டு வெயிலுக்கு வந்திருக்காது. தோலால் மூச்சு விடும் உயிர் காய்ந்த தரையில் தாங்காது. தொட்டிகளின் அடித்தட்டு, வடிகால் ஓட்டை, ஈரச் சாக்கு, செங்கலுக்கு அடியில் இந்த வரிசையில் பாருங்கள். பகலில் கிடைக்காவிட்டால் அடுத்த மழை இரவில், ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சோடு போங்கள். இன்றைக்கே கிடைத்தால் ஒரு முனை மொட்டையாக இருக்கும். அடுத்த வாரம் கிடைத்தால் அந்த முனை மட்டும் வெளுத்து, லேசாக அகன்று, கோடுகள் இன்னும் ஏறாமல் இருக்கும்.